பகடையின் தீர்ப்பு: போர் ஆட்டத்தின் வரலாறும் புதியவர் கற்கும் பாடமும்

திண்ணையிலே கரிக்கட்டியால் வரைந்த கட்டத்தின் முன் இருவர் அமர்ந்து ஆடுபுலி ஆட்டம் ஆடும் காட்சியைத் தமிழ் நேயர்கள் நன்கு அறிவர். புலிகள் 3, ஆடுகள் 15. ஒருவர் ஒரு காயை வைப்பார். மற்றவர் பொறுத்திருந்து தம் காயை நகர்த்துவார். கைவேகத்துக்கு அங்கே வேலை இல்லை. தன் ஆட்டுக்குப் பின்னால் உள்ள இடம் வெறுமையாக இருக்கிறதா என்று பாராமல் வைத்தவன், புலி தாண்டிப் பாய்ந்ததும் அந்த ஆட்டை இழப்பான். எண்ணாமல் செய்த ஒரு செயலுக்கு உடனே கிடைக்கும் தண்டனை அது.

இவ்வாறு முறைமாற்றிப் படை நகர்த்தும் ஆட்டங்கள் இன்று கணினித் திரைக்கு வந்துவிட்டன. உலகின் பல நாடுகளிலும் இளைஞர் இவற்றை விரும்பி ஆடுகின்றனர். முதன்முதலாக ஆடத் தொடங்குபவர் பெரும்பாலும் தோற்கின்றார். தோற்றதும், ‘கணினி வஞ்சனை செய்கிறது’ என்று வெகுண்டு எழுவாரும் உளர். ஆயின், தோல்விக்குக் காரணமான பிழைகள் கணினியோடு பிறந்தவை அல்ல. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக மன்னரும் தளபதியரும் மாலுமிகளும் மேசைமீதும் தரைமீதும் இதே ஆட்டத்தின் முன்வடிவங்களை ஆடி, இதே பிழைகளைச் செய்து, இதே பாடங்களைக் கற்றனர். அவருட் சிலருக்கு அப்பாடம் உயிர்களின் விலைக்குக் கிடைத்தது. அந்த வரலாற்றை அறிந்தவர்க்கு இன்றைய ஆட்டத்தின் நுட்பங்கள் எளிதில் விளங்கும்.

போர் ஆட்டங்களுக்கெல்லாம் மூதாதை சதுரங்கம். யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நால்வகைப் படையையும் பலகைமேல் நிறுத்திய அவ்விளையாட்டு, ஏறத்தாழ 6ஆம் நூற்றாண்டளவில் இந்தியாவிலே தோன்றி, பாரசீகத்துக்கும் பின்னர் அரபு நாடுகளுக்கும் சென்று, அங்கிருந்து ஐரோப்பாவை அடைந்தது என்பது அறிஞர் கொள்கை. சதுரங்கம் அறிவுக்கு விருந்து, ஐயமில்லை. எனினும் மெய்யான போர்க்களத்தில் உள்ள மூன்று பொருள்கள் அதில் இல்லை. முதலாவது, நிலம். பலகையில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. எல்லாக் கட்டமும் ஒரு தன்மையது. இரண்டாவது, மறைவு. எதிரியின் காய் ஒவ்வொன்றும் கண்முன்னே நிற்கும். மூன்றாவது, தற்செயல். குதிரை பாய்ந்தால் வெட்டும். வெட்டத் தவறியது என்ற பேச்சே அங்கு இல்லை. இந்த மூன்று குறையையும் ஒவ்வொன்றாய் நிரப்பிய கதைதான் போர் ஆட்டத்தின் வரலாறு.

நிலத்தைப் பலகைக்குக் கொணர்ந்தவருள் முதன்மையானவர், ஜேர்மனியின் பிரன்சுவிக் அரண்மனையில் இளஞ்சேவகர்க்குக் கல்வி புகட்டிய ஹெல்விக் என்னும் கணித ஆசிரியர். 1780இல் அவர் வெளியிட்ட ஆட்டத்தின் பலகையில் 1,617 கட்டங்கள் இருந்தன. மலைக்கு ஒரு நிறம், நீருக்கு ஒரு நிறம், கட்டடத்துக்கு ஒரு நிறம் என்று கட்டங்கள் வேறுபட்டன. குதிரைப்படை விரைந்து செல்லும் நிலம் வேறு. அது தயங்கி நிற்கும் நிலம் வேறு. ‘எந்தக் காயை நகர்த்துவது?’ என்று மட்டும் கேட்டவன், அன்று முதல், ‘எந்த நிலத்தில் நிறுத்துவது?’ என்றும் கேட்க வேண்டியவனானான்.

எஞ்சிய இரண்டையும் சேர்த்தவர் பிரசியா நாட்டைச் சேர்ந்த தந்தையும் மகனும் ஆவர். தந்தையார் கேயோர்க் லியோபோல்ட் றைஸ்விற்ஸ், அரசாங்க அலுவலர். அவர் 1812இல் மூன்றாம் பிரெட்றிக் வில்லியம் மன்னருக்கு ஓர் அழகிய மேசையைச் செய்து அளித்தார். மலை, ஆறு, பாதை, ஊர் ஆகியன பொறித்த வில்லைகளை அம்மேசையின்மேல் வேண்டியவாறு அடுக்கிப் போர்க்களம் அமைக்கலாம். மன்னரின் மைந்தர்கள் அதை அரண்மனையிலே விரும்பி ஆடினர். ஆயின் அது அரசர் வீட்டுப் பொருளாகவே நின்றது. அதனைப் படைவீரர் எல்லோரும் பயிலும் கலையாக மாற்றியவர், பீரங்கிப் படையில் இளம் அதிகாரியாய் இருந்த மகன்.

இளைய றைஸ்விற்ஸ் 1824இல் வெளியிட்ட விதிநூலில் இன்றைய கணினி ஆட்டங்களின் உறுப்புகள் பெரும்பாலும் காணப்படுகின்றன. மேசைக்குப் பதிலாக 8,000இல் ஒரு பங்காகக் குறுக்கி வரைந்த நிலப்படம் வந்தது. ஒரு முறை என்பது களத்திலே 2 நிமிடத்துக்குச் சமம். அந்த நேரத்தில் ஒரு படை நடக்கக்கூடிய தூரம் எவ்வளவோ அவ்வளவே அது நகரலாம். படைகளைக் குறிக்கச் சிவப்பும் நீலமுமான சிறு கட்டைகள் இருந்தன. சூட்டின் விளைவைப் பகடை தீர்த்தது. அண்மையிலிருந்து சுட்டால் இழப்பு மிகுதி. தொலைவிலிருந்து சுட்டால் குறைவு. இரண்டிலும் பகடைக்குப் பங்கு உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, நடுவர் ஒருவர் அமர்ந்திருந்தார். இரு தரப்பினரும் தத்தம் கட்டளையை அவரிடம் எழுதிக் கொடுப்பர். ஒரு தரப்பின் கண்ணுக்குப் புலப்படும் எதிரிப் படைகளை மட்டுமே அவர் படத்தின்மேல் வைப்பார். குன்றுக்குப் பின்னால் நிற்பது யாது என்பதை அங்கே சென்று பார்க்கும் வரை எவரும் அறியார்.

பிரசியப் படைத்தலைமை அலுவலகத்தின் தலைவர் ஜெனரல் மூவ்ளிங் இவ்வாட்டத்தைப் பார்க்க வந்தபோது பெரிதாக எதையும் எதிர்பார்த்து வரவில்லை. ஆட்டம் வளர வளர அவர் முகம் மாறியது. இது விளையாட்டன்று, போருக்கான மெய்ப்பயிற்சி என்று வியந்து, படை முழுவதும் இதைப் பயிலப் பரிந்துரை செய்தார். பிரசியப் படைமுகாம்களில் போர் ஆட்டம் பரவியது. 1870, 1871ஆம் ஆண்டுகளில் பிரான்சைப் பிரசியா வென்றபின், பிற நாட்டுப் படைகளும் அதைக் கவனித்துக் கற்கத் தொடங்கின. அந்தப் புகழைக் காண இளைய றைஸ்விற்ஸ் உயிரோடு இல்லை. உடன் பணியாற்றியவர் சிலரின் மனக்கசப்புக்கு ஆளாகி, தொலைவிலுள்ள கோட்டைக்கு மாற்றப்பட்ட அவர், 1827இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். உலகப் படைகளுக்கெல்லாம் ஆசானான ஆட்டத்தை ஆக்கியவரின் முடிவு இவ்வளவு துயரமானது.

போர் ஆட்டத்தால் மெய்யாகவே உயிர்கள் காக்கப்பட்ட நிகழ்ச்சி இரண்டாம் உலகப் போரிலே நடந்தது. 1942ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பிரித்தானியாவுக்கு உணவும் எண்ணெயும் கொண்டுவந்த வணிகக் கப்பல்களை அத்திலாந்திக் கடலில் ஜேர்மன் நீர்மூழ்கிகள் மூழ்கடித்துக்கொண்டிருந்தன. காவற் கப்பல்கள் சுற்றிவர நின்றும் பயனில்லை. இதற்கு வழி காணுமாறு, கில்பேட் றொபேட்ஸ் என்னும் கடற்படை அதிகாரி லிவர்பூல் நகருக்கு அனுப்பப்பட்டார். அவர் காசநோயால் பணியிலிருந்து விலக்கப்பட்டுப் போர்க்காலத்தில் மீண்டும் அழைக்கப்பட்டவர். அவருக்குத் துணையாக வந்தவர்கள் ‘றென்’ எனப்பட்ட பெண்கள் கடற்படைச் சேவையினர். அவருட் பெரும்பாலோர் இளம்பெண்கள். கடற்போரை நேரிற் கண்டவர் அல்லர்.

அவர்கள் செய்தது யாது? ஒரு பெரிய அறையின் தரையிலே கட்டம் கட்டமாய்க் கோடு வரைந்து அதைக் கடலாக்கினர். சிறு மரக்கப்பல்களை அதன்மேல் வைத்தனர். கப்பல்கள் சென்ற வழியைச் சுண்ணக்கட்டியால் வரைந்தனர். காவற் கப்பல்களின் தலைவராக ஆடியவர்கள் திரைகளுக்குப் பின்னால் நின்றனர். திரையில் இருந்த சிறு துளை வழியாக மட்டுமே அவர்கள் தரையைப் பார்க்கலாம். இரவுக் கடலிலே கப்பற்றளத்தில் நிற்பவன் எவ்வளவு காண்பானோ அவ்வளவே அவர்களுக்கும் தெரியும். நீர்மூழ்கியின் வழியை, சாய்வாகப் பார்ப்பவர் கண்ணுக்குத் தோன்றாத பச்சை நிறத்தில் வரைந்தனர். ஒரு முறை 2 நிமிடத்துக்குச் சமம். றைஸ்விற்ஸ் கொண்ட அளவும் அதுவே.

ஆட்டத்தின் வழியே றொபேட்ஸ் ஒரு வினாவுக்கு விடை தேடினார். அணிவகுத்துச் செல்லும் கப்பல்களுள் நடுவில் உள்ளவை எவ்வாறு தாக்கப்படுகின்றன? நீர்மூழ்கி அணிக்கு வெளியே நின்றுதான் சுடுகிறது என்று அதுகாறும் நம்பியிருந்தனர். றொபேட்ஸ் நீர்மூழ்கித் தலைவனின் இடத்தில் தம்மை வைத்துப் பார்த்தார். இரவில் நீர்மட்டத்துக்கு மேலே எழுந்து, காவல் குறைந்த பின்புறமாக வந்து, அணிக்குள்ளேயே புகுந்து சுட்டால் என்ன? சுட்டபின் ஆழத்தில் இறங்கி, கப்பல்கள் தலைக்குமேல் கடந்து செல்லும்வரை காத்திருந்தால் என்ன? தரைமீது ஆடிப் பார்த்தபோது எல்லாம் பொருந்தி வந்தது. அவ்வாறாயின் காவற் கப்பல்கள் வெளியே விரைந்து ஓடித் தேடுவது வீண். பின்புறமாகத் திரும்பித் துழாவ வேண்டும். இந்த உத்திக்கு ஜீன் லெய்ட்லோ என்னும் றென் அதிகாரி ‘றாஸ்பெரி’ என்று பெயரிட்டார். இட்லரை நோக்கி வாயால் ஒலியெழுப்பிப் பழிப்பது என்பது அதன் குறிப்பு.

1942இன் பிற்பகுதியில் கடற்பகுதித் தளபதியாகப் பொறுப்பேற்ற அட்மிரல் மக்ஸ் ஹோற்றன் இந்தத் தரையாட்டத்தில் தாமும் ஆட விரும்பினார். முதல் உலகப் போரிலே நீர்மூழ்கித் தலைவராய்ப் புகழ்பெற்றவர் அவர். ஆதலின் நீர்மூழ்கியின் பக்கத்தை எடுத்துக்கொண்டார். காவற் கப்பல்களை நடத்தியவர் ஜனற் ஓக்கல் என்னும் இளம்பெண். அட்மிரல் 5 முறை ஆடி 5 முறையும் தோற்றார். கடலைக் கண்டறியாத பெண்ணொருத்தி, கடலிலே வாழ்ந்த வீரரை வென்றது எவ்வாறு? அவள் நீர்மூழ்கியின் கண்ணால் களத்தைப் பார்க்கக் கற்றிருந்தாள். 1945இல் போர் முடியும்வரை ஏறத்தாழ 5,000 அதிகாரிகள் அந்தத் தரையிலே பயின்றனர். 1943 மே மாதத்தில் ஜேர்மனி 41 நீர்மூழ்கிகளை இழந்து, வட அத்திலாந்திக்கிலிருந்து தன் நீர்மூழ்கிகளை விலக்கிக்கொண்டது. ராடர் கருவியும் விமானங்களும் சங்கேதச் செய்திகளைப் படித்தறிந்தோர் உழைப்பும் அவ்வெற்றிக்குப் பெருங்காரணங்கள். அவற்றோடு இந்தத் தரையாட்டத்துக்கும் ஓர் இடம் உண்டு.

ஆட்டத்தை ஆடியும் பாடம் கற்காதோர் கதையும் அதே ஆண்டில் நிகழ்ந்தது. 1942 மே மாதத்தில், பசிபிக் கடலிலுள்ள மிட்வே தீவைத் தாக்கத் திட்டமிட்ட யப்பானியக் கடற்படையினர், ‘யமாற்றோ’ என்னும் போர்க்கப்பலில் கூடி அத்திட்டத்தை ஆட்டமாக ஆடிப் பார்த்தனர். அமெரிக்க விமானங்கள் யப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களைத் தாக்கும் கட்டம் வந்தது. பகடை உருண்டது, 9 குண்டுகள் பட்டன என்பது தீர்ப்பு. தலைமை தாங்கிய அட்மிரல் உகாக்கி அத்தீர்ப்பை ஏற்கவில்லை. 9 என்பதை 3 ஆகக் குறைக்கும்படி பணித்தார். மூழ்கியதாகக் கொள்ளப்பட்ட ‘காகா’ என்னும் கப்பலும் ஆட்டத்தின் அடுத்த கட்டத்தில் மீண்டும் மிதந்து வந்தது. 1942 ஜூன் 4ஆம் நாள் மெய்யான போர் மூண்டது. அமெரிக்க விமானங்கள் தாக்கிய 4 விமானந்தாங்கிக் கப்பல்களும் அழிந்தன. அவற்றுள் ‘காகா’வும் ஒன்று. மேசைமீது மீண்ட கப்பல் கடல்மீது மீளவில்லை.

போர் அறையிலிருந்து இவ்வாட்டம் வீட்டுக்கு வந்த வழியும் நினைவுகூரத் தக்கது. ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் 1913இல் பொம்மை வீரர்களைக் கொண்டு ஆடும் விதிகளை நூலாக வெளியிட்டார். போரை வெறுத்த அவர், மெய்ப்போரை விட்டு இந்தப் பொம்மைப் போரை ஆடுவதே மேல் என்று அதிலே கருதினார். 1954 முதல் அமெரிக்காவில் அட்டைப்பலகைப் போர் ஆட்டங்கள் விற்பனைக்கு வந்தன. பின்னர்க் கணினி வந்ததும், நடுவரின் வேலையை அது ஏற்றுக்கொண்டது. மறைவைக் காப்பது, பகடை உருட்டுவது, தூரம் அளப்பது ஆகிய அனைத்தையும் கணினி அயராது செய்யும். 1990இல் யப்பானில் வெளியான ‘ஃபயர் எம்பிளம்’ என்னும் ஆட்டத்தில், களத்திலே வீழ்ந்த வீரர் மீண்டு வாரார் என்ற விதி அமைந்தது. 1994இல் பிரித்தானியரான ஜூலியன் கொலொப் ஆக்கிய ‘எக்ஸ்கொம்’ ஆட்டம் உலகப் புகழ் பெற்றது. வேற்றுக் கோளிலிருந்து வந்த பகைவரைச் சிறு படையொன்று இருளிலே தேடிச் செல்வது அதன் கதை. அதே பெயரில் 2012இல் அமெரிக்காவிலே புதிதாய் ஆக்கப்பட்ட ஆட்டம் இத்துறையில் நுழைவோர் பலருக்கு முதல் வாயிலாயிற்று. புதியவர் கற்க வேண்டியவற்றை அந்த ஆட்டத்தைக் கொண்டே விளக்கலாம்.

அதில் ஆடுபவரிடம் தொடக்கத்தில் 4 வீரர் இருப்பர். ஒரு முறையில் ஒரு வீரர் இரண்டு செயல் செய்யலாம்: நகர்ந்து சுடலாம், அல்லது இரண்டையும் செலவிட்டு நெடுந்தூரம் ஓடலாம். புதியவர் செய்யும் முதற்பிழை ஓடுவது. ஓடியவர் போய்ச் சேரும் இடத்தில் எதிரியைக் கண்டால், சுடுவதற்கு அவரிடம் செயல் எஞ்சியிராது. அடுத்தது எதிரியின் முறை. ஆதலின் கண்டறியாத நிலத்தில் சிறிது சிறிதாகச் செல்க. ஒரு செயலைக் கையில் வைத்துக்கொண்டே செல்க. குன்றுக்குப் பின்னால் யார் என்று அறியாத பிரசிய அதிகாரிக்கு நடுவர் கற்பித்த பாடம் இதுவே.

இரண்டாவது, காப்பிடம். தாழ்ந்த சுவருக்குப் பின் நிற்பவரை எதிரி சுட்டு வீழ்த்தும் வாய்ப்பு 100க்கு 20 குறையும். உயர்ந்த சுவருக்குப் பின் நிற்பவரை வீழ்த்தும் வாய்ப்பு 40 குறையும். வெளியில் நிற்பவருக்கு இந்த நன்மை இல்லை. ஆகவே ஒவ்வொரு வீரரும் ஒவ்வொரு முறையும் ஒரு மறைவிலேயே முடிய வேண்டும். ஆயினும் சுவர் ஒரு பக்கத்தையே காக்கும். எதிரி பக்கவாட்டில் சுற்றி வந்தால் அதே சுவர் பயனற்றுப் போகும். நிற்கும் இடம் நல்லதா என்று பார்ப்பவர், எந்தத் திசைக்கு நல்லது என்றும் பார்த்தல் வேண்டும்.

மூன்றாவது, நகர்த்தும் ஒழுங்கு. எதிரியின் கூட்டம் முதன்முறை கண்ணிற் பட்டதும், அவர்கள் உடனே சிதறித் தத்தம் மறைவில் ஒடுங்குவர். ஒரு முறையின் தொடக்கத்தில் முதல் வீரர் அவர்களைக் கண்டால், மற்ற மூவரும் செயல்பட இடமுண்டு. முறையின் இறுதியில், மூவரும் தம் செயலை முடித்தபின், நான்காமவர் புதிய இடத்துக்குப் போய் எதிரியைக் கிளப்பிவிட்டால், பதில் சொல்ல எவரும் இல்லை. ஆகவே புதிய நிலத்தை முதலில் செல்பவரே காணட்டும். இறுதியிற் செல்பவர் முன்னர்க் கண்ட நிலத்திலேயே நிற்கட்டும். இந்த ஒரு வழக்கத்தைக் கைக்கொண்டாலே தோல்விகள் பல குறைந்துவிடும்.

நான்காவது, காத்திருக்கும் கலை. எதிரி நகர்ந்தால் சுடுக என்று வீரருக்கு ஆணையிட்டு நிறுத்தும் வசதி இவ்வாட்டத்தில் உண்டு. எதிரியைத் தேடிப் போவதினும், அவன் வரும் வழியைக் கணித்து அங்கே காத்திருப்பது பலவேளை நன்று. அதற்கு எதிரியின் இடத்திலிருந்து களத்தைப் பார்த்தல் வேண்டும். ‘நான் அவனாயின் எங்கே போவேன்?’ என்னும் வினாவே லிவர்பூல் பெண்களுக்கு வெற்றி தந்தது.

ஐந்தாவது, ஒருவனை முற்றாக முடித்தல். காயம்பட்ட பகைவர் மூவர் மூன்று முறை திருப்பிச் சுடுவர். ஒருவன் இறந்து இருவர் எஞ்சினால் இரண்டு முறையே சுடுவர். ஆதலின் எல்லாருடைய சூட்டையும் ஒருவன்மேல் குவித்து, அவனை வீழ்த்தியபின் அடுத்தவனை நாடுக.

ஆறாவது, வாய்ப்பின் கணக்கு. திரையிலே ‘100க்கு 80’ என்று கண்டவுடன் புதியவர் அதை உறுதி என்று கொள்கின்றார். ஒவ்வொன்றும் 80 வாய்ப்புள்ள மூன்று சூடுகளை நம்பி அவர் திட்டமிட்டால், மூன்றும் தவறாது படும் வாய்ப்பு 100க்கு ஏறத்தாழ 51 மட்டுமே. ஏறக்குறைய இரண்டு தடவைக்கு ஒரு தடவை அத்திட்டம் குலையும். இது வஞ்சனையன்று, கணக்கு. ஆதலின் ஒவ்வொரு சூட்டுக்கும் முன்னர், ‘இது தவறினால் என் வீரரின் நிலை யாது?’ என்று கேட்டல் வேண்டும். தவறினால் எல்லாம் கெடும் என்னும் வேளையில், தவறாது பயன்தரும் கைக்குண்டை எறிக. அது எதிரியின் மறைவையும் தகர்க்கும். உறுதியான சிறு பயன், ஐயத்துக்குரிய பெரும் பயனினும் மேலாகும் வேளைகள் பல.

ஏழாவது பாடம் எல்லாவற்றிலும் அரியது. கணினி ஆட்டத்தில் ஆட்ட நிலையை இடையிடையே சேமித்து வைக்கலாம். சூடு தவறினால் அழித்துவிட்டு மீண்டும் சுடலாம். வீரர் இறந்தால் பழைய நிலைக்குத் திரும்பி அவரை உயிர்ப்பிக்கலாம். தொடக்கத்தில் விதிகளைக் கற்பதற்கு இவ்வசதி உதவும். அதைக் குற்றம் என்று கூறவேண்டியதில்லை. ஆயின் ஒவ்வொரு பிழையையும் அவ்வாறு அழித்துக்கொண்டே செல்பவர் ஒருநாளும் நல்லாட்டக்காரர் ஆகார். 9 குண்டை 3 ஆக்கிய அட்மிரலின் வழியில் செல்பவர் அவர். பகடை சொல்வது கசப்பான செய்தியாயினும் செய்தியே: திட்டத்தில் எங்கோ ஓட்டை உண்டு என்பதை அது காட்டுகிறது. செய்தியை அழித்தால் ஓட்டை அடைபடாது. இதனை உணர்ந்தே, மீளச் சேமிக்க இயலாத கடுமுறை ஒன்றையும் அவ்வாட்டத்தின் ஆக்கியோர் அமைத்தனர். சில காலம் பயின்றபின் புதியவர் அந்தக் கடுமுறையை ஒருமுறையேனும் முயல்வது நன்று. அங்கே வீரர் ஒருவரை முன்னே அனுப்பும்போது கை தயங்கும். அந்தத் தயக்கமே ஆட்டம் கற்பிக்கும் கல்வி.

2018இல் வெளியான ‘இன்ரு த பிறீச்’ என்னும் மற்றோர் ஆட்டம், இந்த வரலாற்றை ஒரு வட்டமாக நிறைவு செய்கிறது. அதன் களம் 8க்கு 8 ஆக 64 கட்டங்கள். சதுரங்கப் பலகையின் அளவே. எதிரி அடுத்து எங்கே தாக்குவான் என்பதை அது முன்கூட்டியே காட்டிவிடும். மறைவும் தற்செயலும் அங்கே மிகக் குறைவு. ஆடுபவர் தம் பிழைக்குப் பிறரைக் குறைகூற வழியில்லை. கணினி ஆட்டம் முற்றிலும் புதியவர்க்குக் கடினமாய்த் தோன்றினால், இத்தகைய ஆட்டத்திலோ சதுரங்கத்திலோ தொடங்கிப் பின் மறைவும் பகடையும் உள்ள ஆட்டத்துக்குச் செல்லுதல் பொருத்தமான ஒழுங்கு.

பிள்ளைகள் திரையின் முன் அமர்ந்திருப்பதைக் கண்டு கவலுறும் பெற்றோர் உளர். நேரம் அளவு மீறாமல் பார்த்துக்கொள்வது அவர் கடமை. எனினும், ஆட்டத்தை அணைத்துவிடு என்று கூறுமுன் ஒரு வினா எழுப்பிப் பார்க்கலாம்: ‘அந்த வீரனை ஏன் அங்கே நிறுத்தினாய்?’ பிள்ளை காரணம் கூறுமாயின், அது ஆடுவதோடு எண்ணவும் செய்கிறது. ‘சும்மா நிறுத்தினேன்’ என்று கூறுமாயின், எண்ணிப் பார்க்க அப்பொழுதே ஒரு வாய்ப்புக் கிடைத்துவிடும்.

மேசைமீது வீழ்ந்த கட்டைக்கு உயிர் இல்லை. திரைமீது வீழ்ந்த வீரனுக்கும் இல்லை. ஆயின் பகடையின் தீர்ப்பை ஏற்றுக் கற்றவர்களால் அத்திலாந்திக் கடலில் மாலுமிகள் வீடு திரும்பினர். தீர்ப்பைத் திருப்பியவர்களின் மாலுமிகள் மிட்வேக் கடலில் மூழ்கினர். எதிரியின் கண்ணால் பார், காணாத இடத்தை மதி, தவறினால் என்ன ஆகும் என்று எண்ணு, நேர்ந்த பிழையை அழிக்காதே என்னும் நான்கும் ஆட்டம் தொடங்குவோர்க்குச் சொல்லும் குறிப்புகளாய்த் தோன்றும். படைநடத்தியோர் பெருவிலை கொடுத்து இவற்றைக் கற்றனர். திரையின் முன் அமர்ந்த இளைஞருக்கோ, விலையின்றியே இவை கிடைக்கின்றன.